அவர்களுக்குள் பேசிக்கொண்டது

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நடந்த கூட்டத்தைக் கெடுத்த மொழிபெயர்ப்பாளரைப் பற்றி ஏஜென்சியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்கிறார்களாம். "வாயை அடக்கத் தெரியாத ஒரு அம்மா இருந்தாங்க" என்று ஆரம்பிப்பதாகக் கேள்வி. அந்த அம்மா நான்தான். பெயர் வசந்தா, ஊர் செந்துறை. வாயை அடக்க எனக்கு நன்றாகவே தெரியும். வேலைக்குப் போன இடங்களில் அடுத்தவர் பேச்சைத் தவிர என் பேச்சு என்று ஒன்று பேசாமலே அறுபது வயதைத் தொட்டவள் நான். அன்றைக்கு நடந்ததை அவர்கள் சொல்லிக் கேட்டுவிட்டீர்கள். இப்போது நான் சொல்வதையும் கேளுங்கள்.

குறிப்பு எடுப்பது எப்படி, கடினமான ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்பதையெல்லாம் பயிற்சியில் கற்றுக் கொடுப்பார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும், வேலையை ஆரம்பிக்கும் முன் இரண்டு மொழியிலும் ஒரு விஷயம் சொல்லிவிடுவேன். "இந்த ரூம்ல யாரு எது பேசினாலும் நான் எல்லாருக்கும் சொல்லுவேன். அடுத்தவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னா வெளியில போய்ப் பேசிக்குங்க." எல்லோரும் தலையாட்டுவார்கள். பாதிப் பேர் அதை மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை என்று நினைத்துக்கொள்வார்கள். அது அவர்கள் பாடு.

இந்தப் பழக்கம் எனக்கு வந்தது அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில். சுண்ணாம்புக்கல் உடைக்கும் இடத்தில் புது இயந்திரம் மாட்ட வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் வந்திருந்தார். கல் விழும் வாய்க்குள் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி பாதி உடம்பை நுழைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கரண்ட்டை நிறுத்தியாகிவிட்டது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இன்ஜினியர் சுவிட்ச் பலகையைப் பார்த்தபடி வாய்க்குள் ஏதோ முனகினார். நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். மேனேஜர் கை காட்டித் தடுத்தார். "விடும்மா, அவரு தனக்குத்தானே பேசிக்கிறாரு."

"அண்ணே, வெளிய வாங்க!" என்று கத்தினேன். "கரண்ட்டு நின்னுதா இல்லையான்னு இவருக்கே சந்தேகமா இருக்காம்!"

அந்தத் தொழிலாளி பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தார். வேலையைக் கெடுத்த கோபம். அவர் முறைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே கல்லைக் கொண்டுபோகும் பெல்ட் ஒரு முழம் நகர்ந்து நின்றது. மேனேஜர் பலகையை நோக்கி ஓடினார். முனகலும் பேச்சுதான் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதன் பிறகு எந்த மேஜையிலும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

இனி ஷூ கம்பெனிக்கு வருகிறேன்.

அது வேப்பந்தட்டைக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற வேலை. வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள், சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். அந்த வரிசைகளில் ஒன்றைப் பார்க்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் அமெரிக்கர், மார்க். அவருடைய நிறுவனம் இயந்திரங்களுக்கு மூளை மாதிரியான மென்பொருள் எழுதுகிறது. இன்னொருவர் ஜெர்மனிக்காரர், யூர்கன். அவருடைய நிறுவனம் இயந்திரக் கைகளைச் செய்கிறது. ஷூக்களை வாங்கும் வெளிநாட்டு வியாபாரிதான் இருவரையும் அனுப்பியிருந்தார். அடுத்த ஆர்டர் வர வேண்டுமானால் இவர்களுக்கு ஒத்துழைக்க வேண்டும் என்பது கம்பெனியை நடத்தும் ஜி.எம்.முக்கு வந்த உத்தரவு.

மேஜையின் ஒரு பக்கம் அவர்கள் இருவரும் ஜி.எம்.மும். எதிர்ப்பக்கம் அந்த வரிசையிலிருந்து வந்த பெண்கள். நடுவில் நான். வழக்கம்போல என் விஷயத்தை இரண்டு மொழியிலும் சொன்னேன். மார்க் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மார்க் நன்றாகப் பேசக்கூடியவர். அமெரிக்காவும் ஐரோப்பாவும் பல காலம் சண்டை போட்டுக்கொண்டிருந்தன என்றார். இரும்புக்கு வரி, விமானத்துக்கு வரி, மக்களுடைய தகவலுக்கு யார் சட்டம் செல்லும் என்பதில் தகராறு. இப்போது வியாபாரத்திலும் தொழில்நுட்பத்திலும் கை கோத்துக்கொண்டால்தான் பிழைக்க முடியும், இல்லாவிட்டால் சீனா எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்றார். அட்லாண்டிக் கடலின் இரண்டு கரையும் சேர்ந்து செய்கிற முயற்சிகளில் தங்களுடையதும் ஒன்று என்று சொல்லி யூர்கனின் தோளைத் தட்டினார். யூர்கனுக்கு அந்தத் தட்டல் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

நான் சொல்லி முடித்ததும் மலர்க்கொடி கையைத் தூக்கினாள். வேப்பந்தட்டைக்காரி. அந்த வரிசையில் எல்லோரையும்விட அதிகக் காலம் வேலை செய்தவள், மற்றவர்களுக்காகப் பேசுகிறவள்.

"அவங்க ரெண்டு பேரு ஒரு பக்கம், சைனா ஒரு பக்கம். சரிக்கா. எங்களை எந்தப் பக்கத்துல வச்சுருக்காங்க, அதக் கேளுங்க."

கேட்டேன். மார்க் சிரித்துக்கொண்டே, "நீங்கள் எங்கள் நம்பகமான கூட்டாளிகள்" என்றார். அதையும் சொன்னேன். மலர்க்கொடி தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

பிறகு கையுறைகளை எடுத்து வைத்தார்கள். மெல்லிய துணி, விரல் நுனிகளில் சின்னச் சின்ன சென்சார். அதோடு நெற்றியில் கட்டிக்கொள்ள ஒரு குட்டி கேமரா. தைக்கும்போது விரல் எப்படி வளைகிறது, தோலை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது என்று பதிவாகும். எதற்கு என்றால், கை வலியைக் குறைக்கத்தான் என்றார்கள். எந்த அசைவு கையைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்து மாற்றலாம். ஒவ்வொருத்தியும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். மலர்க்கொடிக்குப் பக்கத்தில் இருந்த ஜெயந்தி ஆவலாக நிமிர்ந்தாள். அவளுக்கு மணிக்கட்டு வீங்கி, கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தது.

"நெசமாவா அக்கா? வலி போயிருமா?"

"வலி எதனால வருதுன்னு பாப்பாங்களாம்" என்றேன். அவர்கள் சொன்னது அவ்வளவுதான்.

மலர்க்கொடி ஒரு கையுறையை எடுத்துப் போட்டு விரல்களை மடக்கிப் பார்த்தாள். அந்த நேரத்தில் டீ வந்தது. கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. யூர்கன் டீயைத் தொடாமல் மார்க்கைப் பார்த்துத் திரும்பி ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். மார்க் பதில் சொன்னார். இருவரும் வேகமாக, ஆனால் சாதாரணக் குரலில்தான் பேசினார்கள். இவ்வளவு நேரம் என் வாய் வழியாகவே பேசிப் பேசி, எனக்குக் காது இருப்பதை மறந்துவிட்டார்கள். கடைசியில் யூர்கன் பெருமூச்சு விட்டு, "சரி" என்றார்.

அவர்கள் பேசியது முழுவதும் என் காதில் விழுந்தது. ஜி.எம்.முக்கும் ஆங்கிலம் தெரியும். அவர் தன் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"என்னக்கா சொல்றாங்க?" என்றாள் மலர்க்கொடி.

"அது அவங்களுக்குள்ள பேசிக்கிறது. நீங்க டீயைக் குடிங்க" என்றார் ஜி.எம்.

உண்மையில் பதறிவிட்டேன். ஏஜென்சி இனிமேல் கூப்பிடாது என்று தோன்றியது. ஆர்டர் போய்விட்டால் இந்தப் பெண்களே என்னைத் திட்டுவார்கள் என்றும் தோன்றியது. கூடவே என் அப்பாவின் ஞாபகம் வந்தது. எங்கள் குடும்பத்தில் அப்பா காலம் வரைக்கும் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். யாரை நாளைக்கு வேலைக்குக் கூப்பிடுவது, யாரை நிறுத்துவது என்று நிலக்காரர்கள் வரப்பில் நின்று பேசுவார்களாம். கீழே நாற்று நட்டுக்கொண்டிருப்பவர்களுக்குக் கேட்கும் என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இருந்ததில்லை. அப்பாவுக்கு அது அவ்வளவு ஆத்திரம். இங்கே அந்தப் பெண்களுக்குக் கேட்கத்தான் செய்தது, புரியவில்லை. புரிய வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். நான் உடனே தமிழில் கொட்டிவிடவில்லை. முதலில் அந்த இருவரிடமும் ஆங்கிலத்தில் பேசினேன். "ஆரம்பத்திலேயே சொன்னேன், இந்த அறையில் பேசுகிற எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பேன் என்று. இப்போது நீங்கள் பேசியதை நான் புரிந்துகொண்டது இதுதான்" என்று அவர்கள் சொன்னதை அவர்களிடமே திருப்பிச் சொன்னேன். "இதில் ஏதாவது தவறாகக் கேட்டிருந்தால் திருத்துங்கள்."

மார்க்கின் முகம் சிவந்துவிட்டது. "அது தனிப்பட்ட பேச்சு" என்றார்.

"தொழிலாளர்கள் உட்கார்ந்திருக்கிற மேஜையில் பேசினீர்கள். நான் சொன்னதில் தவறு இருக்கிறதா?"

யூர்கனைப் பார்த்தேன். அவர் மெதுவாக, "தவறு இல்லை" என்றார்.

பெண்கள் பக்கம் திரும்பினேன். என் கருத்து என்று ஒரு சொல்லும் கலக்காமல் சொன்னேன்.

"யூர்கன் சார் சொன்னாரு, 'எங்க ஊரு சட்டப்படி எதுக்காகப் பதிவு பண்றோம்னு இவங்களுக்கு முழுசா சொல்லணும்'னு. மார்க் சார் சொன்னாரு, 'முழுசா சொன்னா கையெழுத்துப் போட மாட்டாங்க. கை வலிக்குன்னே சொல்லுவோம், அதுவும் பொய்யில்லையே'ன்னு. யூர்கன் சார் கேட்டாரு, 'எவ்வளவு காலம் பதிவு வேணும்'னு. மார்க் சார் சொன்னாரு, 'ஆறு மாசம் இவங்க கை கெடச்சாப் போதும். மெஷினு கத்துக்கும். அப்புறம் உங்க ஊரு ஃபேக்டரி இவங்க இல்லாமலே ஓடும், சைனாவும் நம்மள எட்ட முடியாது. இந்த லைனு அப்பத் தேவைப்படாது'ன்னு. யூர்கன் சார் பெருமூச்சு விட்டுட்டு, சரின்னுட்டாரு."

ஜெயந்திதான் முதலில் பேசினாள். "அப்ப கை வலி?"

"அதையும் பாப்பாங்களாம். அது பொய்யில்லைன்னாரு."

மலர்க்கொடி கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள். அவசரமே இல்லை. கழற்றி, நீவிவிட்டு, மேஜை மேல் மார்க்குக்கு முன்னால் வைத்தாள்.

"இவங்களுக்கும் சைனாவுக்கும் சண்டைன்னா அடிச்சுக்கட்டும். எங்க கையை வச்சு எதுக்கு அடிச்சுக்குறாங்க? என் கை எனக்குச் சோறு போடுது. இன்னொரு மெஷினுக்கும் சோறு போடணும்னா, அதை என் மூஞ்சியப் பாத்துக் கேக்கணும். சொல்லுங்கக்கா, அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். அவளுடைய குரலின் காரத்தை ஆங்கிலத்தில் கொண்டுவர முடிந்ததா தெரியாது. குறைக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

கூட்டம் அதோடு கலைந்தது. நடைவழியில் ஜி.எம். என்னைப் பிடித்துக்கொண்டார். "மொழிபெயர்க்க வந்தீங்களா, சங்கம் வைக்க வந்தீங்களா மேடம்? ஆர்டர் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"உங்களுக்கும் இங்கிலீஷ் தெரியும் சார். நீங்களும்தான் கேட்டீங்க."

"கேட்டா? எல்லாத்தையும் போய்ச் சொல்லிருவீங்களா?"

"லைன் இல்லைன்னு ஆனப்புறம் அதுக்கு ஒரு ஜி.எம். எதுக்கு சார்? உங்களையும் சேத்துத்தான் அவரு பேசினாரு."

நான் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டேன்.

பஸ் அரியலூரைத் தாண்டும் முன்பே ஏஜென்சியிலிருந்து போன். மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். "எதைத் தப்பா மொழிபெயர்த்தேன்னு சொல்லுங்க, அதுக்கு மன்னிப்புக் கேக்குறேன்" என்றேன். தப்பு ஒன்றுமில்லை, இடம் பொருள் பார்க்கவில்லை என்றார்கள். "அப்ப எழுத ஒண்ணும் இல்ல" என்று வைத்துவிட்டேன். அதன் பிறகு என்னைக் கூப்பிடுவது நின்றது.

அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வலித்தது வேறு. கொஞ்ச நாள் கழித்துப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஜெயந்தியைப் பார்த்தேன். ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகப் போகிறது என்று கம்பெனியில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். என்னைக் கண்டதும் நேராக வந்தாள்.

"நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச காலம் நிம்மதியா இருந்திருப்போம்க்கா. இப்ப வூட்டுல சோறு எறங்க மாட்டேங்குது. எனக்கு ரெண்டு புள்ளைங்க படிக்குது, தெரியுமா உங்களுக்கு?"

சுற்றி ஜனங்கள் பார்த்தார்கள். சமாதானம் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், சொல்லவில்லை.

"நிம்மதி போனது என்னாலதான் ஜெயந்தி. இல்லைங்கல. ஆனா நான் சொல்லாம இருந்திருந்தா, உனக்கு எது நல்லதுன்னு நானே முடிவு பண்ணினதா ஆயிருக்கும். அத நான் பண்ண மாட்டேன். நீ கோவப்படு, பரவால்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பஸ்ஸில் ஏறிவிட்டாள். இந்த வேலையில் நன்றி கிடைக்கும் என்று எதிர்பார்த்து யாரும் வராதீர்கள்.

பிறகு நடந்ததை ஏஜென்சியில் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். யூர்கன் திரும்பி வந்தார், தனியாக. எதற்கென்று சொல்லாமல் வாங்கும் சம்மதம் அவர்கள் சட்டத்தில் செல்லாது, அப்படிச் சேர்த்த பதிவை வைத்து இயந்திரம் செய்தால் நாளைக்கு நிறுவனமே வழக்கில் மாட்டும் என்று அவர்களுடைய வக்கீல்கள் சொல்லிவிட்டார்களாம். ஏஜென்சி வேறொரு மொழிபெயர்ப்பாளரை அனுப்பியிருந்தது. நான் வந்தால்தான் உட்காருவோம் என்று பெண்கள் மேஜைக்கு வர மறுத்துவிட்டார்கள். ஜி.எம். தானே எனக்குப் போன் செய்தார். "வசந்தா மேடம், நாளைக்கு வர முடியுமா?" என்று மட்டும் கேட்டார். மற்றதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இந்த முறை யூர்கன் எல்லாவற்றையும் நேராகச் சொன்னார். இயந்திரம் எதற்கு, பதிவு எங்கே போகும், பிறகு அந்த வரிசை என்ன ஆகலாம். பெண்கள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். மலர்க்கொடி சொன்னாள். "கையுறை வேணாங்கிறவளை வேலையை விட்டு அனுப்பக் கூடாது. போடுறவளுக்கு அந்த மெஷினை ஓட்டக் கத்துக் குடுக்கணும். மெஷினு அவங்க ஊருக்கு மட்டும் போகக் கூடாது, இங்கயும் வரணும்."

முதல் இரண்டுக்கும் யூர்கன் ஒத்துக்கொண்டார். மூன்றாவதற்குத் தயங்கினார். இயந்திரத்தின் மூளை அமெரிக்கர்களுடையது. அந்தத் தொழில்நுட்பத்தை இந்தியாவில் வைக்க அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி வேண்டும், போட்டி இருக்கிற காலத்தில் அது சுலபமில்லை என்றார்.

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மலர்க்கொடி குறுக்கிட்டாள். "கூட்டாளின்னு சொன்னாங்களே? அங்கேருந்து மெஷினு இங்க வர அரசாங்கத்துகிட்ட அனுமதி வாங்கணும். எங்க கை இங்கேருந்து அங்க போறதுக்கு யாருகிட்ட அனுமதி வாங்குனாங்க?"

யூர்கன் அதை எழுதிக்கொண்டார். ஒரு வார்த்தை விடாமல் இன்னொரு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

பல மாதங்கள் இழுத்தது. கடைசியில் வந்த ஒப்பந்தத்தில், இயந்திரத்தை இங்கேயும் கொண்டுவர "முயற்சி செய்வோம்" என்றுதான் இருந்தது. நான் அதைப் படித்துச் சொன்னதும் மலர்க்கொடி, "முயற்சிக்கெல்லாம் என் கை கெடையாது" என்று எழுந்து தன் இயந்திரத்துக்குப் போய்விட்டாள். ஜெயந்தி உட்கார்ந்தே இருந்தாள். வரிகளை மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னாள். நடுவில் நிறுத்தி, "பயிற்சி எந்த ஊருல, எத்தனை பேருக்கு?" என்று கேட்டாள். பதில் வந்த பிறகு கையெழுத்துப் போட்டாள். "தெரிஞ்சுதான் போடுறேன்க்கா" என்றாள் என்னிடம். குரலில் அந்த பஸ் ஸ்டாண்டுக் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை.

வரிசை இன்னும் ஓடுகிறது. மலர்க்கொடி வெறுங்கையோடும் ஜெயந்தி கையுறையோடும் பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் தைக்கிறார்கள். எவ்வளவு நாள் ஓடும் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது என்பது மட்டுமல்ல, மார்க்குக்கும் தெரியாது என்று யூர்கனே ஒருமுறை சொன்னார். வரி ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் இறங்குகிறது. கை கோத்தவர்கள் கையை உதறிவிடுகிறார்கள், மறுபடி கோத்துக்கொள்கிறார்கள். அந்த உலகத்தை நாம் நடத்தவில்லை. அது ஒரு மேஜைக்கு வந்து பேசும்போது நடுவில் உட்காருகிறோம், அவ்வளவுதான். ஆனால் அந்த மேஜையில் யாருக்கு எது தெரிய வருகிறது என்பது நம் கையில் இருக்கிறது. அந்த நாற்காலிக்கு மதிப்பு இல்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஏஜென்சி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். "மொழிபெயர்ப்பாளர், எதிர்த்தரப்பை நோக்கி நேரடியாகப் பேசப்படுவதை மட்டுமே மொழிபெயர்க்க வேண்டும்." எனக்கும் அனுப்பினார்கள், மறுபடி பட்டியலில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி. நான் கையெழுத்துப் போடவில்லை, ஓய்வு பெற்றுக்கொண்டேன். நீங்கள் ஓய்வு பெற முடியாது, இப்போதுதான் வந்திருக்கிறீர்கள், வேலை வேண்டும். கையெழுத்துப் போடாதீர்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

பேனாவை எடுங்கள். அந்த ஒரு வரியைக் குறுக்கே அடியுங்கள். பிறகு கீழே கையெழுத்துப் போடுங்கள். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் இனிஷியலும் போடுங்கள், அடித்தது யார் என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரியட்டும்.